இடியப்ப ஊசியும் அப்பாவின் கார்புரேட்டரும்

நிமல், இதை ரயிலில் நின்றுகொண்டு வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றி வைத்து, ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருந்து வாசி. நேரே கதைத்தால் நீ "ஓம் அம்மா, பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பாய். உன் அப்பாவும் அப்படித்தான். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த மனிசனுக்கு உடனே பசி வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு சமையல் குறிப்புக் கேட்டிருந்தார்கள். குறிப்பு வேறு யாரும் கொடுக்கட்டும். நான் இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். ஊர் முழுக்க வாசிக்கட்டும். தனியே இருக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கட்டி வைத்திருக்கிற அம்மாமார் இந்தச் சுவிஸ் நாட்டில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. மலர் அச்சாகி வரும்போது நீ டாவோஸில் இல்லாவிட்டால் மானம் போவது எனக்குத்தான். அதை யோசித்துக்கொள்.

ஓம், டாவோஸ் விஷயம் எனக்குத் தெரியும். அங்கே மலைக்கு ஆட்களை ஏற்றுகிற கேபிள் கார் கொம்பனி உன்னைக் கூப்பிட்டதும், நீ போய்க் கதைத்ததும், அவர்கள் வேலை தருகிறோம் என்றதும், நீ வேண்டாம் என்றதும், "அவசரப்படாதே, பங்குனிக் கடைசி வரைக்கும் யோசித்துப் பார்" என்று அவர்கள் சொன்னதும் எல்லாம் தெரியும். எனக்கு நீ சொன்ன கதை வேறு. "அது சரிவரேல்லை அம்மா, வேற ஆருக்கோ குடுத்திட்டாங்கள்." நானும் நம்பி, முகம் தெரியாத அந்த ஆளை இரண்டு நாள் திட்டிக்கொண்டு திரிந்தேன். பாவம், இல்லாத மனிசன். ஆரணி அங்கேயுள்ள வைத்தியசாலையில் தாதி வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டாள். வைகாசியில் உங்கள் இரண்டு பேருக்கும் கலியாணம். கலியாணம் முடிந்த கையோடு அவள் மலையில், நீ லுசேர்ணில். ஏன் என்று கேட்டால், அம்மா சோலோதுர்னில் தனியே இருக்கிறாளாம். என்னைக் கேட்டாயோ நீ?

கேட்டிருக்க மாட்டாய். ஏனென்றால் இந்த இரண்டு வருடமும் நான் நடந்துகொண்ட விதம் அப்படி. அப்பாவின் நெஞ்சு நின்ற நாளிலிருந்து நீ ஒரு நாள் பிசகாமல் பின்னேரம் ஏழு மணிக்குப் போன் எடுக்கிறாய். வெள்ளிக்கிழமை என்றால் தோளில் பையோடு ரயிலில் வந்து இறங்குகிறாய். சனிக்கிழமை கடை, பிறகு கோயில், இரவு ரயிலில் திரும்பிப் போகிறாய். கம்யூன் என்கிற ஊராட்சிக் கந்தோரிலிருந்து வருகிற கடிதங்களை உடைத்து வாசித்துப் பதில் போடுகிறாய். இடையில் ஒரு புதன்கிழமை வந்து நின்றாலும், "இந்தப் பக்கம் ஒரு அலுவல் இருந்தது அம்மா" என்கிறாய். எந்த அலுவல், எந்தப் பக்கம்? நானும் கேட்கவில்லை. எனக்கு அது சுகமாக இருந்தது, பிள்ளை. ஒரு முதியோர் இல்லம் முழுவதற்கும் நாள்தோறும் சமைத்துக் கொட்டுகிற எனக்கு, வீட்டு ஹீட்டரின் குமிழைத் திருகத் தெரியாதோ? தெரியும். நீ வந்து குந்தியிருந்து திருகும்போது உன் பிடரி அப்பாவின் பிடரி மாதிரியே இருக்கும். அதைப் பார்க்கத்தான் தெரியாத மாதிரி இருந்தேன்.

இனி கார்க் கதைக்கு வாறேன். நிலக்கீழ் கராஜில் நிற்கிற அந்த மண்ணிறக் காரைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலர் வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது அப்பா இந்த நாட்டில் வாங்கிய முதல் கார். வேறு கார் அவர் வாங்கவே இல்லை. ஜப்பான்காரன் கார்புரேட்டரைக் கைவிடுவதற்குச் சற்று முன்னால் செய்தது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பழைய கார்புரேட்டர்தான், ஆனால் அதற்கு ஒரு கொம்பியூட்டரையும் பூட்டிவிட்டான். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி, முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பெட்டியில் வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கோட்டைக் கழற்ற முதலே, "என்ரை காருக்குள்ள கொம்பியூட்டர் இருக்கு, தெரியுமோ?" என்பார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வீட்டில் ஒருத்தரிடமும் கொம்பியூட்டர் இல்லை. எங்களுக்கும் வீட்டில் இல்லை, காரில்தான் இருந்தது.

உனக்கு ஆறு ஏழு வயதில் ஒருமுறை அந்தக் காரில் டாவோஸுக்குப் போனோம், ஞாபகம் இருக்கோ? அப்பா வந்த புதிதில் கோப்பை கழுவிய ஹோட்டலை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். ஏற்றம் தொடங்கியதும் பக்கத்தில் போன பழைய கார்கள் இளைத்து இளைத்துக் கறுப்புப் புகை தள்ளின. அப்பா ஸ்டியரிங்கைத் தட்டி, "பாத்தியோ? மேல போகப் போகக் காத்துக் குறையும். மற்றக் காருகளுக்கு அது விளங்காது. இவன் விளங்கிக்கொண்டு பெற்றோலைக் குறைப்பான்" என்றார். நீ பின் சீட்டிலிருந்து, "அப்ப இவன் கெட்டிக்காரன் என்னப்பா?" என்று கேட்டாய். ஹோட்டலுக்கு முன்னால் காரை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய், "இந்தக் கதவாலதான் குப்பை கொண்டுவந்து கொட்டுறனான்" என்று கையைக் காட்டினார். உள்ளே போய் ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்றேன். "சும்மா இரும்" என்றுவிட்டார். காருக்குள் இருந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தோம். நீ இறங்கிப் போய்ப் பனியை அள்ளித் தின்றாய். அவருக்கு அந்த முன்கதவைத் திறக்க ஏனோ மனம் வரவில்லை. நான் பிறகு அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

போன கார்த்திகையில் நீ சொன்னாய், "அம்மா, அந்தக் கார் சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஸ்டார்ட் பண்ணினால் கராஜ் முழுக்கப் பெற்றோல் மணம். ஒருத்தன் பழைய இரும்புக்கு எடுக்கிறன் எண்டுறான், குடுப்பம்." நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. "கொப்பரையும் இரும்புக்குக் குடுத்திருப்பாய்" என்று கத்தினேன். உன் அப்பாவை வைத்து அது சொல்லக்கூடாத சொல். நீ போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாய். அடுத்த நாளும் ஏழு மணிக்குப் போன் எடுத்தாய், ஒன்றும் நடக்காத மாதிரி. நீ ஒருமுறை திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

அந்தக் கிழமைதான் நான் ஊர்ஸின் கதவைத் தட்டினேன். எங்கள் கீழ்வீட்டு ஊர்ஸை உனக்குத் தெரியும். கராஜ் வேலையிலிருந்து இளைப்பாறிய மனிசன், படிக்கட்டில் சத்தம் போட்டால் எட்டிப் பார்க்கிற ஆள். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன், அவரும் திரும்பிப் பார்க்கிறார். அவர் கதைப்பது சுவிஸ் ஜேர்மன். எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும், அப்படியே எழுதுகிறேன். காரைத் திறந்து பார்த்துவிட்டு, "இரண்டு வழி இருக்கு. கொம்பியூட்டரையும் வயருகளையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டு ஒரு சாதாரண கார்புரேட்டரைப் போடலாம். கனபேர் அப்பிடித்தான் செய்யிறவை. ஓடும், ஆனா புகைப் பரிசோதனையில தேறாது. மற்றது, இதையே கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டுறது" என்றார். பிடுங்கி எறிகிற கதையே வேண்டாம் என்றேன். அவர் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். நடுங்கின. "எனக்குத் தெரியும், ஆனா இந்தக் கையால ஒரு ஆணியும் பிடிக்க ஏலாது." நான் என் கைகளைக் காட்டினேன். "இதுக்கு ஒண்டும் தெரியாது, ஆனா நடுங்காது" என்றேன். மனிசன் அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து முதன்முதல் சிரித்தார்.

மார்கழி முழுக்க, நீ வராத நாட்களில், ஊர்ஸின் கெல்லர் என்கிற நிலவறையில் இருந்து வேலை செய்தோம். உனக்கு மறைத்தேன், ஏனென்றால் தெரிந்தால் நீ வந்து என் கையிலிருந்து வாங்கி நீயே செய்துவிடுவாய். கார்புரேட்டர் என்பது பெரிய சாமான் இல்லை, நிமல். மடியில் வைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கிற சின்னச் சின்னச் சாமான்கள் கடவுளே! எல்லாவற்றையும் ஒழுங்கு மாறாமல் வைக்க நான் எங்கள் இட்டலித் தட்டைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு திருகாணி. ஊர்ஸ் அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். கருகிப்போன ரப்பர் சவ்வு, வெடித்த காஸ்கெட், பழைய பெற்றோல் காய்ந்து தேன்பாகு போல ஒட்டிய மிதவை, எல்லாவற்றையும் எடுத்தோம். கார்புரேட்டரின் உடம்பை மருந்துத் தண்ணியில் ஊறப் போட்டோம். கொம்பியூட்டர் சொல்கிறபடி டிக் டிக்கென்று ஏறி இறங்கிப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற ஒரு மின்காந்தம் அதில் உண்டு. அதையும் நான் ஊறப் போடத் தூக்க, ஊர்ஸ் பாய்ந்து பறித்தார். "கரண்ட் போற சாமான் குளிக்காது!" என்றார். அதை மட்டும் துணியால் துடைத்தேன்.

பித்தளை ஜெட்டுகள்தான் என்னைக் கவிழ்த்தன. சோளப்பொரி அளவில் சின்னத் துண்டுகள், நடுவில் ஒரு துளை. அந்தத் துளை எவ்வளவோ அவ்வளவு பெற்றோல்தான் போகும். ஊர்ஸ் அவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தந்து, "இதுகளை வீட்டை கொண்டுபோய் மருந்தில கழுவிக் காத்து ஊதிக்கொண்டு வாங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ" என்றார். வேறு ஒன்றும் செய்யாதே என்று சொன்னால் நான் கேட்கிற ஆளோ? கறுத்துப்போய்க் கிடந்தன, மனம் கேட்கவில்லை. குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாய் மினுங்கின. பிறகு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் துளையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. இடியப்ப உரலின் கண் அடைத்தால் குத்துவதற்கென்று ஒரு தடித்த ஊசி அடுப்படி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன் அல்லவா, அதை எடுத்து ஒவ்வொன்றையும் குத்தி, நன்றாகத் திருகி, வழிவிட்டேன். இத்தனை வருடமாக அந்த ஊசி ஒரு உரலையும் பழுதாக்கவில்லை. மினுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஊர்ஸ் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, "இவ்வளவு துப்புரவான ஜெட்டை நான் கண்டதில்லை" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, தைப்பொங்கல் முடிந்த கிழமை கார்த் திறப்பைப் போட்டுத் திருகினேன். பிடித்தது, நிமல்! முதல் திருகலிலேயே இல்லை, கொஞ்சம் இருமி இருமித்தான், ஆனால் பிடித்துக்கொண்டது. சூடேறியதும் எஞ்சின் சத்தம் அப்பா இருந்த காலத்துச் சத்தம். நான் அந்தக் கராஜுக்குள் நின்று அழுதேன். ஊர்ஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். எல்லாம் சரி என்றுதான் நான் நினைத்தேன். அவர் விடவில்லை. முள் ஓடுகிற ஒரு பழைய மீட்டரைக் கொண்டுவந்து கொம்பியூட்டரின் வயரில் கொளுவினார். புகைக்குழாயில் ஒரு சின்ன உணரி இருக்கிறது. அது வெளியே போகிற புகையை மணந்து பார்த்து, கலவை கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டுத் திருத்தும். திருத்தத் திருத்த மீட்டர் முள் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட வேண்டும். எங்கள் முள் ஆடவில்லை. ஒரு கரையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"எஞ்சின் நல்லாத்தானே ஓடுது?" என்றேன். "ஓடுது" என்றார் ஊர்ஸ். "அதுதான் பிரச்சினை. எங்கயோ ஒரு பிழை இருக்கு, பெட்டி அதைக் காட்டிக்குடுக்காமல் தன்னால ஏலுமான மட்டும் ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. வெளியில கேட்டால் சுகமா ஓடுறமாதிரி இருக்கும். ஆனா அதுக்கு இனி இழுக்க மிச்சமில்லை. ஒரு ஏத்தம் வந்தால் முடிஞ்சுது." பிறகு ஜெட்டைக் கழற்றி ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதை எதால குத்தினனீங்கள்?" என்றார். மேலே போய் இடியப்ப ஊசியை எடுத்துவந்து காட்டினேன். அந்த மனிசன் சிரித்த சிரிப்பு! இருமல் வந்து, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. துளை பெருத்துவிட்டதாம், நான் கண்ணால் காணாத அளவுதான், ஆனால் பெற்றோலுக்கு அது பெரிய வாசல். அந்தக் கூடுதல் பெற்றோலை எல்லாம் அந்தத் தகரப் பெட்டி ஒரு முறைப்பாடும் இல்லாமல் மறைத்துச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைதான் ஆரணி வந்தாள். கூறைச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிற அலுவல். உன்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு நானும் அவளும் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். டாவோஸில் எங்கே வீடு பார்க்கிறாய் என்று சும்மாதான் கேட்டேன். பிள்ளைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "மாமி, நான் சொன்னன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அவருக்கு வேலை கிடைச்சது. உங்களை விட்டுட்டுப் போக ஏலாதெண்டு வேண்டாம் எண்டிட்டார். நான் ஒண்டும் சொல்லேல்லை மாமி. நான் சமாளிப்பன்." அவளும் சமாளிப்பாளாம்! சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது ஊர் வாசிக்கிற மலரிலேயே எழுதுகிறேன். ஆரணி, மாமியை மன்னித்துக்கொள் பிள்ளை. நீ கடையிலிருந்து வந்தாய், பையை வைத்தாய், என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, களைப்போ? நீங்கள் இருங்கோ, நான் சமைக்கிறன்" என்றாய். எனக்கு அந்த மீட்டர் முள் ஞாபகம் வந்தது. பார்க்கிறவர்களுக்கு எங்கள் வீடு எவ்வளவு சுகமாக ஓடுகிறது! அம்மா கோயிலுக்கு வருகிறா, சிரிக்கிறா, மகன் தங்கமான பிள்ளை. என் பிழை முழுவதையும் நீ ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்கும் இழுக்க மிச்சமில்லை, ராசா. உன் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருப்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

லுசேர்ணுக்குப் பக்கத்தில் ஒருத்தரிடம் இதே மாதிரிக் கார் ஒன்று செத்துக் கிடந்தது. அதன் ஜெட்டுகளை வாங்கி, இந்த முறை மருந்தில் மட்டும் கழுவி, காற்று மட்டும் ஊதி, ஊசியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போட்டோம். முள் கரையை விட்டு இறங்கி வந்தது. பிறகு ஊர்ஸ் சொல்லச் சொல்ல நான் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, நடுவுக்கு வந்து ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது. கலியாணம் கட்டப் போகிற உனக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். வீட்டில் முள் ஆட வேண்டும். ஒருநாள் அவள் பக்கம், ஒருநாள் உன் பக்கம். சத்தமில்லாமல் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதே, கேட்டுப் பார். அவள் "நான் சமாளிப்பன்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே காரை நிறுத்து. நீயும் உன் வாயைத் திறந்து, எனக்கு ஏலாது, எனக்குக் கோபம், எனக்கு இது வேண்டும் என்று சொல்லப் பழகு. திருப்பிக் கத்தினாலும் குற்றமில்லை. இன்னொன்று, எஞ்சின் குளிராக இருக்கும்போது அந்தப் பெட்டி உணரி சொல்வதைக் கேட்கவே கேட்காதாம். சூடேறின பிறகுதான் காது கொடுக்குமாம். அதனால் இரவு வேலை முடிந்து வருகிறவளோடு வாசலில் வைத்து ஒன்றும் கதைக்காதே. முதல் தேத்தண்ணி கொடு.

மாசியில் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். ஓட்டிக்கொண்டு போனது நான். ஓட்டுநர் அனுமதி எடுத்து எத்தனையோ வருடம், ஆனால் எங்கே போனாலும் அப்பா ஓட்டுவார், நான் பக்கத்தில் இருந்து பிழை சொல்வேன். அதுதான் எங்கள் ஒழுங்கு. அவர் போன பிறகு நீ ஓட்டினாய், உனக்கும் அதே நீட்டுக் கால். காரை வெளியே எடுக்கிற அன்றைக்கு ஏறி இருந்தால் என் கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட் இன்னும் அவருடைய நீட்டுக் காலுக்குத்தான் இருந்தது. இழுத்தால் இனி அது அவருடைய இடம் இல்லை என்று தோன்றியது. ஊர்ஸ் பக்கத்துச் சீட்டில் இருந்து தன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கீழே கையை விட்டு, நெம்புகோலைத் தூக்கி, சீட்டை முன்னுக்கு இழுத்தேன். கிறீச்சென்று வந்தது. அழுகை வந்ததுதான். ஆனால் கால் எட்டியது. புகையைச் சோதித்த பெடியன் தாளைப் பார்த்துவிட்டு, இந்த வயதுக் காருக்கு இவ்வளவு துப்புரவான புகையோ என்று கேட்டான். ஊர்ஸ் என்னைக் காட்டி, "இவதான் மெக்கானிக்" என்றார். இட்டலித் தட்டைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் உனக்குச் சொல்லாத மற்ற விஷயத்துக்கு வாறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் கோயிலுக்குப் போகவில்லை. விடிய எழும்பி, புட்டு அவித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, கிழக்காலே வெளிக்கிட்டேன். ஊர்ஸ் வரட்டோ என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மீட்டரைப் பக்கத்துச் சீட்டில் கட்டி வைத்துவிட்டார். சூரிச்சைக் கடக்கும்போது லொறிகளுக்கு நடுவில் "அப்பனே முருகா, இந்த மனிசன் ஏன் இவ்வளவு கிட்ட வாறான்?" என்று கத்திக் கத்தித்தான் ஓட்டினேன். ஏற்றம் தொடங்கியது. ரயர் குளிர்கால ரயர், பயமில்லை. ஆனால் ஒரு கண் முள்ளில்தான் இருந்தது. மேலே போகப் போக அது மெல்ல மெல்லக் கரைப் பக்கம் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே ஆடியது. ஒட்டிக்கொள்ளவில்லை. இழுக்க அதற்கு நிறைய மிச்சம் இருந்தது. கார் இளைக்கவும் இல்லை, புகைக்கவும் இல்லை. இடியப்ப ஊசியால் குத்தின ஜெட்டோடு வந்திருந்தால் நான் இந்த ஏற்றத்தில் எங்கேயோ நின்றிருப்பேன். "கெட்டிக்காரன் என்னப்பா" என்று நான் காருக்குள் தனியே இருந்து சொன்னேன்.

ஹோட்டல் இன்னும் இருக்கிறது, நிறம் மாற்றிவிட்டார்கள். காரை முன்னால் நிறுத்தினேன். பின்பக்கம் சுற்றவில்லை. முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், யன்னல் ஓரமாக இருந்து, ஒரு தேத்தண்ணி கேட்டுக் குடித்தேன். நல்ல தேத்தண்ணி இல்லை. பையை வெந்நீரில் காட்டிவிட்டு எடுத்திருந்தான். முழுவதையும் குடித்தேன். கொண்டுவந்து தந்த கோப்பையைப் பார்த்தபோது, இப்படி எத்தனை கோப்பையை அந்த மனிசன் கழுவியிருப்பார் என்று நினைத்தேன். அவருக்காகவும் இருந்து குடித்தேன் என்று வைத்துக்கொள். பிறகு ஆரணி வேலை செய்யப் போகிற வைத்தியசாலையைப் பார்த்தேன். அங்கிருந்து விசாரித்து விசாரித்து, நீ வேண்டாம் என்று சொன்ன அந்தக் கேபிள் கார் நிலையத்துக்குப் போய், வெளியே ஒரு மரவாங்கில் இருந்து புட்டைத் தின்றேன். ஒரு பெட்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போக, இன்னொன்று இறங்கி வந்தது.

அப்போதுதான் உன் போன் வந்தது. ஏழு மணிக்கு முன்னமே எடுத்தாய், ஞாயிறு என்றபடியால். "அம்மா, சாப்பிட்டாச்சோ? எங்க நிக்கிறியள், ஒரே சத்தமாக் கிடக்கு?" என்றாய். வெளியில நிற்கிறேன் என்றேன். "குளிரல்லோ, ஜக்கற் போட்டனீங்களோ? தனியத் தூரம் ஒண்டும் போகாதேங்கோ. எங்கயும் போக வேணுமெண்டால் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமை நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றாய். நான் ஓம் ராசா என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னால் நீ பயந்துவிடுவாய் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நான் பத்திரமாகத் திரும்பி வந்து, உன் அப்பாவின் காரைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு இருந்துதான் இதை எழுதுகிறேன்.

காலையில் முதல் வேலையாக அந்தக் கேபிள் கார்காரருக்குப் போன் எடுத்து வாறன் என்று சொல். பிறகு ஆரணிக்குச் சொல். வீடு பார்க்கும்போது வாசலில் ஒரு கார் நிறுத்த இடம் இருக்கிற வீடாகப் பார். பெரிய கார் இல்லை.

வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம், நிமல். நான் வாறன்.

அம்மா